தேயிலைச் செடி வளர்கிறதா, இல்லையா?

18 ஜனவரி 2025 – ஒரு வாசகியின் கேள்வி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். வளர்ச்சி வேறு, விருத்தி வேறு என்று டீச்சர் சொல்கிறார். தாவரங்களுக்கு வரையறையற்ற வளர்ச்சி, அதாவது வாழ்நாள் முழுக்க வளரும் என்றும் சொல்கிறார். எங்கள் லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசைக்கு) மேலே உள்ள தேயிலை மலை அம்மாயி காலத்திலிருந்தே இடுப்பளவு உயரத்தில்தான் நிற்கிறது. வளரவே வளராத செடிக்கு எது வளர்ச்சி, எது விருத்தி? இரண்டும் ஒன்றுதான், பரீட்சைக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

19 ஜனவரி 2025

மறுக்கிறேன். உயரத்தை வைத்துப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது.

பாடப்புத்தகம் வளர்ச்சி என்று சொல்வது மீளாத அதிகரிப்பை. கலங்களின் (செல்களின்) எண்ணிக்கையோ பருமனோ கூடவேண்டும், கூடியது திரும்பக் குறையக்கூடாது. இரவு ஊறவைத்த பயறு காலையில் பருத்துக் கிடக்கும். அதைக் காயவைத்தால் பழையபடி சுருங்கும். அது தண்ணீர் குடித்ததே தவிர வளர்ச்சி கிடையாது. அதனால்தான் உலர் நிறையை அளக்கச் சொல்கிறார்கள்.

சரி, அந்த இடுப்பளவுச் செடியின் வளர்ச்சி எங்கே? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் ஏறி, லொறியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போய்விட்டது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரும். உலர்த்தி எடுத்த தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்று, நான்குதான் இருக்கும். பாடசாலையில் உலர்த்தும் அடுப்பு இல்லை என்று நாம் அளக்காமல் விடும் உலர் நிறையை, ஸ்டோரில் தினமும் நிறுத்துப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அந்தப் புத்தகம் ஒரு மலையின் வளர்ச்சிப் பதிவு. கழிவுத்தூளும் நாம் சேலையில் தட்டிவிட்ட கிழட்டு இலையும் மட்டும் கணக்கில் வராது.

விருத்தி என்பது பருவம் மாறுவது. ஒரே மாதிரி இருந்த கலங்கள் வியத்தமடைந்து வேராகின்றன, இலையாகின்றன, பூவாகின்றன. வித்து நாற்றாகி, நாற்று இளஞ்செடியாகி, பூத்துக் காய்க்கும் மரமாகிறது. தேயிலையைச் சும்மா விட்டால் அது மரம். தோட்டம் என்று நாம் சொல்வது, வளர்ச்சியை ஓடவிட்டு விருத்தியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியதிலிருந்து இந்த மலைநாட்டில் நடப்பது இதுதான். அதைப் பிடித்து நிறுத்துவது துரையும் கங்காணியும் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.

19 ஜனவரி 2025, இரவு

"அப்படியானால் வளர்ச்சி வளையியை (வரைகோட்டை) எப்படி வரைவது?" என்று தங்கச்சி மறுபடி கேட்கிறார். செடியின் உயரத்தை வரைந்தால் வாள்பல் மாதிரி மேலும் கீழும் போகும். பறித்த கொழுந்தின் உலர் நிறையைக் கூட்டிக் கூட்டி வரைந்தால் ஏறிக்கொண்டே போகும், கவ்வாத்து வெட்டிய (செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட) மாதங்களில் மட்டும் தட்டையாகக் கிடக்கும். ஒரு தனித் தளிரை அளந்தால் புத்தகத்தில் உள்ள நெளிந்த வளையியே கிடைக்கும்: முதலில் மந்தம், நடுவில் வேகம், கடைசியில் மறுபடி மந்தம். பரீட்சைக்கு மூன்றாவதை வரையுங்கள். உண்மைக்கு இரண்டாவது.

2 பெப்ரவரி 2025

உச்சியாட்சியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

தண்டின் நுனியில் இருக்கும் பிரியிழையம் (கலங்கள் பிரிந்து பெருகும் பகுதி) உயிரோடு இருக்கும்வரை கீழே இலை இடுக்குகளில் உள்ள கக்க அரும்புகள் அடங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளினால் அவை எழும்பும். சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880 இல் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்தார்கள், ஒளிப்பக்கம் வளைவது நின்றுபோனது. நுனியிலிருந்து ஏதோ செய்தி கீழே போகிறது என்று தெரிந்தது. 1926 இல் ஃபிரிட்ஸ் வென்ட், வெட்டிய ஓட்ஸ் நுனியை ஏகர் என்ற கூழ்த் துண்டின்மேல் வைத்து, பிறகு அந்த ஏகரை மட்டும் நாற்றின்மேல் வைத்தே அதை வளையச் செய்தார். ஏகருக்குள் இறங்கிய பொருளைத்தான் ஒட்சின் என்கிறோம். 1930களில் திமானும் ஸ்கூக்கும் அவரைச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஒட்சினை வைத்தார்கள். நுனி இல்லாமலேயே பக்க அரும்புகள் அடங்கிக் கிடந்தன.

என் அம்மாவுக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது. ஆனால் மட்டக்கம்பைச் செடிமேல் போட்டு, அதற்கு மேலே நிற்பதை மட்டும் எடுப்பார். மட்டத்துக்குக் கீழே கைவைத்த புதுப் பிள்ளைகளை "அடுத்த ரவுண்டுக்கு என்னத்த எடுப்ப?" என்று திட்டுவார். கொழுந்தெடுத்த காம்பில் விட்டுவைத்த இலையின் கக்கத்திலிருந்துதான் அடுத்த தளிர் வரவேண்டும். குளிர் மேடுகளில் அது பறிக்கிற பருவத்துக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மலைக்குள் எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை போவதெல்லாம் வெவ்வேறு வயதுத் தளிர்கள் ஒரே செடியில் வரிசையில் நிற்பதால்.

3 பெப்ரவரி 2025

"ஒட்சின் கதை பழசு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பழசுதான், பொய்யில்லை. 2008 இல் இரண்டு குழுக்கள் கிளைவிடுதலைத் தடுக்கும் இன்னொரு ஓமோன் தொகுதியைக் கண்டன. ஸ்ட்ரைகோலக்டோன் என்று பெயர். 2014 இல் பட்டாணியில் இன்னொரு சங்கதி வெளிவந்தது: நுனியை வெட்டியதும் முதலில் அரும்பை எழுப்புவது வெல்லம். நுனி இழுத்துக்கொண்டிருந்த வெல்லம் அங்கே போக வழியில்லாமல் அரும்புகளுக்குத் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் ஒட்சின் குறைந்த செய்தி கீழே வந்து சேர்கிறது. யோசித்துப் பார்த்தால் நேற்று எழுதியதைவிட இதுதான் தேயிலைக்குப் பொருத்தம். ஏன் என்பதற்குக் கவ்வாத்தைப் பற்றிப் பேசவேண்டும். பிறகு எழுதுகிறேன்.

11 பெப்ரவரி 2025

நுவரெலியாவில் விடியற்காலையில் புல்லில் வெள்ளை படிந்த பிறகு தேயிலை கருகிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அது வளர்ச்சி நின்றதா, விருத்தி நின்றதா? நான் சொல்வேன், இரண்டும் இல்லை. தளிர் செத்துவிட்டது, அவ்வளவுதான். கருகாமல் சும்மா குளிரில் நிற்கும் செடி வேறு விஷயம். சராசரி வெப்பம் 12, 13 பாகைக்குக் கீழே இறங்கினால் தளிர் நீளுவது ஏறக்குறைய நின்றுவிடும். செடிக்கு நோய் எதுவும் இல்லை. வெயில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

2 மார்ச் 2025

பஞ்சி பற்றி எழுதாமல் இந்த இழை நகராது.

இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லாத் தளிரும் அப்படி நிற்பதில்லை. சில இலைகள் விட்ட பிறகு நுனி அரும்பு சின்னதாகிச் சுருண்டு தூங்கிவிடும். உரம் போட்டாலும் மழை பெய்தாலும் கொஞ்ச காலம் அசையாது. பிறகு செதில் இலை, மீன் இலை என்று சிறுத்த இலைகளை முதலில் விட்டுவிட்டு, மறுபடி முழு இலை விடத் தொடங்கும். தூங்கும் அந்தத் தளிரைத்தான் பஞ்சி என்கிறார்கள், உறங்குநிலைக்கு இதைவிட நல்ல உதாரணம் நம் கையெட்டும் தூரத்தில் கிடையாது. வெளியே எல்லாம் தோதாக இருக்கும்போதே செடி தன் கணக்கில் நிற்கிறது. வெயில் காய்ந்தால், கவ்வாத்துக் காலம் நெருங்கினால் பஞ்சி கூடும்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அம்மா வேலை செய்த தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) வறட்சிக் காலத்தில் மலை முழுக்கப் பஞ்சியாக நிற்கும். கூடையில் பஞ்சி அதிகம் என்று மடுவத்தில் கிலோ வெட்டுவார்கள். பஞ்சியை விட்டுவிட்டு வந்தால் நிறை போதாது, அரைப் பேர் (அரைநாள் சம்பளம்). செடியின் உறங்குநிலைக்கு ஆள் சம்பளம் கட்டிய கதை இது. பஞ்சியையும் உடைத்து எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கீழ் அரும்பு எழும்பாது என்று அம்மா சொல்வார். உடைத்ததைக் கூடையில் போடுவதா, கீழே போடுவதா என்பதில்தான் சண்டை.

மேற்குச் சரிவில் தை, மாசி, பங்குனியிலும், ஊவாவில் ஆடி, ஆவணிக் காற்றிலும் தளிர் மெதுவாக வரும். அந்த மெதுவான கொழுந்துக்குத்தான் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. வளர்ச்சி குறைந்தால் மணம் கூடுகிறது. கிலோவுக்குக் கூலி வாங்குபவருக்கு இதில் என்ன சந்தோஷம் என்று யாரும் கேட்பதில்லை.

23 மார்ச் 2025

கவ்வாத்து.

வெல்லக் கதைதான் தேயிலைக்குப் பொருத்தம் என்று முன்பு சொன்னேனே, அதற்கான காரணம் இங்கே. மேட்டுநிலத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை வெறும் குச்சியாக வெட்டுகிறார்கள். ஓர் இலை கிடையாது. அப்படியானால் ஒளித்தொகுப்பு கிடையாது. புதுத் தளிர் எதைத் தின்று வருகிறது? வேரில் சேர்த்துவைத்த மாப்பொருளை. வெட்டுவதற்கு முன் பென்சில் பருமனுள்ள வேர்த்துண்டை எடுத்து, குறுக்காக வெட்டி அயடீன் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். வெளிறிக் கிடந்தால் கொழுந்தெடுப்பதை நிறுத்திச் சில வாரம் செடியை ஓய்வில் விடவேண்டும். மாப்பொருள் இல்லாத செடியை வெட்டினால் அது எழும்பாமல் அங்கேயே பட்டுப்போகும். சில தோட்டங்களில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பதும் இதற்காகத்தான். பதுளைப் பக்கத்தில் அதற்கு லங்ஸ் (நுரையீரல்) என்றே பெயர்.

எட்டாம் வகுப்பில் உருளைக்கிழங்கில் அயடீன் விட்டுப் பார்த்தோமே, அதே சோதனை. தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன பாடசாலைப் பிள்ளைகள் அங்கே பார்த்திருக்கலாம். 1925 இல் தொடங்கிய நிலையம்.

வளர்ச்சி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. கவ்வாத்து முடிந்து முதல் வாரங்களில் தளிர் நீள்கிறது, புதுக் கலங்கள் உண்டாகின்றன. முழுச் செடியின் உலர் நிறையோ குறைந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் மாப்பொருள் சுவாசத்தில் எரிகிறது. முளைக்கும் வித்திலும் இதே கதைதான். அப்படியானால் செடி வளர்கிறதா, தேய்கிறதா? "உலர் நிறையின் மீளாத அதிகரிப்பு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். என் நிலைப்பாடு: தளிர் வளர்கிறது, செடி செலவழிக்கிறது. எதை அளக்கிறோம் என்று சொல்லாமல் வளர்ச்சி என்று சொல்லக்கூடாது.

24 மார்ச் 2025

கூடலூரிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: நாங்கள் கலம் என்பதைத்தான் நீங்கள் செல் என்கிறீர்கள். எங்கள் இழையம் உங்களுக்குத் திசு, பிரியிழையம் ஆக்குத்திசு, உச்சியாட்சி நுனி ஆதிக்கம். கவ்வாத்து இரண்டு பக்கமும் கவ்வாத்துதான்.

27 ஏப்ரல் 2025

கிளினிக் புத்தகத்தை யாரும் இங்கே பேசவில்லை என்பது ஆச்சரியம். வளர்ச்சியும் விருத்தியும் ஒரே புத்தகத்தில் தனித்தனிப் பக்கமாக அச்சாகி, நம் எல்லோர் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறதே.

மிட்வைஃப் மிஸ் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு ஒரு புள்ளி வைப்பார். அது வளர்ச்சி. கழுத்து நின்றதா, உட்கார்ந்ததா, பிடித்துக்கொண்டு நின்றதா, இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா என்று கேட்டு இன்னொரு பக்கத்தில் குறிப்பார். அது விருத்தி. பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளையின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழேயே ஓடின, வாய் மட்டும் ஒன்றரை வயதிலேயே பெரியவர்களைக் கேலிபண்ணியது. எங்கள் வீட்டில் கொழுகொழுவென்று இருந்த ஒருவன் நடக்கச் சோம்பல்பட்டு எல்லோரையும் பயமுறுத்தினான். (இப்போது பந்துவீச்சாளர். ஓடிவந்து வீசுகிறான்.)

கேலி போகட்டும். 2016 ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். "நம்ம ஆட்கள் குள்ளம்தானே, பரம்பரை" என்று சொல்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட அளவுக்கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டவை. நல்ல உணவும் தாய்ப்பாலும் சுத்தமும் கிடைத்தால் முதல் ஐந்து வருடத்தில் எல்லா நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறது என்பதுதான் அதில் தெரிந்தது. ஆகவே பரம்பரையை இழுக்காதீர்கள். தாயின் சாப்பாடு, லயத்துத் தண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றோட்டம், இவற்றைப் பாருங்கள். உயரத்தில் இழந்ததை இரண்டு வயதுக்குப் பிறகு மீட்பது கடினம். தேயிலை மாதிரி வேரில் சேர்த்துவைக்க நமக்கு வழி கிடையாது.

15 ஜூன் 2025

தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டது. மூன்று நாளாக வெளியே போகவில்லை. அதனால் தவளை.

வளர்ச்சியும் விருத்தியும் வெவ்வேறு என்பதற்கு நான் கேட்டதிலேயே நல்ல ஆதாரம் 1912 இல் குடர்நாட்ஷ் செய்தது. வாற்பேத்தைகளுக்குக் குதிரையின் தைரொயிட்டைத் தின்னக் கொடுத்தார். அவை வளராமல், நேரத்துக்கு முன்பே உருமாறி, ஈயளவுத் தவளைகளாகின. சில வருடம் கழித்து இன்னொருவர் தைரொயிட் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். வாற்பேத்தை வாற்பேத்தையாகவே பெருத்துக்கொண்டு போனது, தவளையாகவில்லை. ஒன்றில் விருத்தி ஓடி வளர்ச்சி நின்றது, மற்றதில் வளர்ச்சி ஓடி விருத்தி நின்றது. தங்கச்சி, "இரண்டும் ஒன்றுதான்" என்ற கட்சி இங்கே தோற்றுவிடுகிறது.

நம் மலையில் இன்னும் விசேஷம் உண்டு. ஹோர்டன் சமவெளியிலும் ஹக்கலையிலும் இரவில் டிக், டிக் என்று கத்தும் சின்னப் புதர்த் தவளைகள், சூடோஃபிலாட்டஸ் இனங்கள், வாற்பேத்தைப் பருவத்தையே வெளியே காட்டுவதில்லை. பெரும்பாலானவை ஈர மண்ணில் முட்டையிட்டு மூடிவிடும், ஒருசில இலையின் அடியில் ஒட்டும். முட்டைக்குள்ளேயே எல்லாம் நடந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். இதை நேரடி விருத்தி என்கிறார்கள். அதே காட்டில் தருகா என்ற மரத்தவளை, குட்டைக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்த வாற்பேத்தைகள் தண்ணீரில் விழுந்து, பழைய வழியில் உருமாறும். ஒரே மழை, ஒரே காடு, இரண்டு ஒழுங்கு. முட்டைக்குத் தண்ணீர்க்குட்டை தேவையில்லை என்றானதும் சரிவெல்லாம் குடியிருக்கலாம். ஆனால் மண் காய்ந்தால் முட்டையும் காயும், ஆகவே காட்டை வெட்டி வெளிச்சமாக்கிய இடத்தில் அவற்றுக்கு வாழ்வில்லை. அந்தக் காட்டை வெட்டித்தான் கோப்பியும் தேயிலையும் வந்தன என்பதையும் சொல்லியாகவேண்டும்.

16 ஜூன் 2025

ஈயளவு என்றதற்கு ஒருவர் அளவுகோல் கேட்கிறார். பெரிய ஈ.

20 ஜூலை 2025

வெலிமடையிலிருந்து ஒரு தம்பி: கரட் பாத்தியில் பாதி பூத்துவிட்டது, விதை மோசமா?

இருக்கலாம், ஆனால் குளிரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். கரட் இரண்டு பருவத்துப் பயிர். முதல் பருவத்தில் வேரில் சேர்க்கும், குளிர் பட்ட பிறகு தண்டு நீண்டு பூக்கும். ஓரளவு பெரிதான செடி பல வாரம் குளிரில் நின்றால், பூக்கும் நேரம் வந்துவிட்டது என்று கணக்குப் பண்ணிவிடும். பூத்தண்டு எழும்பியதும் வேர் மரத்துப்போகும், கறிக்கு உதவாது. வெப்பநாட்டு ரகங்களுக்குக் கொஞ்சக் குளிரே போதும், அவற்றை நுவரெலியா உயரத்தில் போட்டால் இப்படித்தான் ஆகும். அடுத்த முறை ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். பூத்ததைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். வெட்டிவிட்டால் மறுபடி கிழங்கு பெருக்கும் என்று காத்திருக்கவேண்டாம், பூக்க ஆரம்பித்த செடி முந்தைய பருவத்துக்குத் திரும்பாது.

31 ஓகஸ்ட் 2025

கைவிட்ட தேயிலை மலையைப் பார்த்திருக்கிறீர்களா? பலகாலம் யாரும் கொழுந்தெடுக்காத ஒரு துண்டு எங்கள் பக்கத்தில் உண்டு. கொம்பு கொம்பாக நிமிர்ந்து, வீட்டுக் கூரைக்கு மேலே போய்விட்டது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கீழே காய் வெடித்து விதை சிதறிக் கிடக்கும். புதிதாக வந்தவர்கள் என்ன மரம் என்று கேட்பார்கள். உள்ளே சிறுத்தை இருக்கிறது, அட்டை இருக்கிறது, குளவி இருக்கிறது என்று யாரும் போவதில்லை. இதில் குளவி மட்டும் நிச்சயம்.

பக்கத்து மலையில் அதே காலத்தில் நட்ட விதைத் தேயிலை இன்னும் இடுப்பளவில் நின்று கொழுந்து கொடுக்கிறது. அங்கேயும் அங்கொன்று இங்கொன்று பூக்கும். மரமாக மட்டும் விடமாட்டார்கள்.

14 செப்டெம்பர் 2025

டி.ஆர்.ஐ. (தேயிலை ஆராய்ச்சி நிலையம்) 2025 இந்த வருடம் வந்த புது ரகமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை ஐயா, 2025 என்பது ரக இலக்கம். அது பல பத்தாண்டு பழைய வி.பி. தேயிலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்ப்பது. உங்கள் அப்பா காலத்திலேயே நட்டிருப்பார்கள்.

அதோடு சேர்த்து அவர் கேட்ட இரண்டாவது கேள்வி நல்லது: ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி நாற்றுமேடையில் பைக்குள் ஊன்றுகிறோம், அந்தச் செடிக்கு வயது என்ன? வித்திலிருந்து வந்த பருவங்கள் எதுவும் அதற்குக் கிடையாது. வெட்டுவாயில் கலங்கள் பிரிந்து ஒரு திரளாகி, அதிலிருந்து வேர் வருகிறது, அதாவது தண்டுக் கலங்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் புது வேலை எடுக்கின்றன. வேரைப் பொறுத்தவரை செடிக்கு நேற்றுத்தான் பிறப்பு. தளிரைப் பொறுத்தவரை தாய்ச்செடியின் வயது. ஆணிவேர் இல்லாததால் வறட்சியில் விதைத் தேயிலையைவிட முதலில் வாடும், நீங்கள் நடப்போவது ஊவாப் பக்கம் என்றால் நிழல் மரத்தையும் சேர்த்து வையுங்கள்.